கோத்தகிரியில் தங்கினால் எந்த மாதம் எங்கே நடக்கலாம்?

கேள்வி – மலைநடை:
கோத்தகிரி ஊருக்குள் ஒரு சின்ன விடுதியில் தங்கி, ஏப்ரல், ஜூலை, நவம்பர், ஜனவரி என்று நாலு தடவை போகத் திட்டம். அறுபது தாண்டிய அப்பாவும் பத்து வயசுப் பையனும் கூட வருவார்கள். ஒரு தடவை சைக்கிளில் மேட்டுப்பாளையம் இறங்கவும் ஆசை. மழை மாதங்களில் அறைக்குள்ளேயே முடங்க வேண்டியிருக்குமா? அட்டைக்கும் காட்டெருமைக்கும் என்ன செய்வது?

கிழக்குச்சரிவு:
ஊட்டிக் கணக்கைக் கோத்தகிரிக்குப் போடாதீர்கள். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா தொடர் மேற்கிலேயே மறித்துவிடும். மேற்குப் பக்கத்து அவலாஞ்சியில் கொட்டித் தீர்க்கும் ஜூலையில் இங்கே பெரும்பாலும் தூறலும் காற்றும்தான், தாராளமாக நடக்கலாம். இங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பயணத்தைச் செப்டம்பருக்கு மாற்றுங்கள்.

ஜனவரி காலையில் வானம் தெளிவாக இருக்கும், கோடநாடு காட்சிமுனைக்கு அதுதான் நேரம். கீழே மாயாறு, தெங்குமரஹாடா, எதிரே ரங்கசாமி மலை எல்லாம் தெரியும். வெயில் ஏறினால் பள்ளத்துக் காற்று மேலேறி மூட்டம் போட்டுவிடும், ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள். ஏப்ரலில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும், நடை எல்லாம் காலையிலேயே. அப்பாவுக்குக் கன்னேரிமுக்கு போதும்: ஊரிலிருந்து 2 கி.மீ., கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஆங்கிலேயர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய வீடு அங்கே இருக்கிறது.

சோலைக்குருவி:
பையனுக்கு லாங்வுட் சோலை. ஊரை ஒட்டியே 116 ஹெக்டேர் காடு, 2024-இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் நுழைய வேண்டும். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் என்ற சின்னப் பறவை தரையை ஒட்டிய புதரில்தான் திரியும், அண்ணாந்து தேடாதீர்கள்.

அட்டைக்கு முழங்கால் வரை வரும் நெருக்க நெசவுத் துணி உறையை பேன்ட்டுக்கு மேல் இழுத்துக் கட்டுங்கள். கடித்தால் உப்பும் நெருப்பும் வேண்டாம். கடிவாயிலேயே கக்கிவிடும், புண் சீழ் பிடிக்கும். அட்டையின் மெல்லிய முனைக்கு அடியில் நகத்தைச் செருகித் தள்ளினாலே விட்டுவிடும். இரத்தம் உறையாமல் நெடுநேரம் கசியும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

காட்டெருமை தேயிலைப் புதருக்குள் படுத்திருந்தால் கிட்டப் போகும்வரை தெரியாது. அதனால் குறுக்குவழி வேண்டாம், தார் ரோட்டிலேயே நடங்கள். சீறினாலோ தலையைத் தாழ்த்தினாலோ, ஓடாமல் பின்வாங்குங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது. கரடி நடமாட்டமும் உண்டு, இருட்டும் முன் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள்.

இரட்டைச்சக்கரம்:
மேட்டுப்பாளையம் 33 கி.மீ., இறக்கம் கிட்டத்தட்ட 1,450 மீட்டர். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ரிம் பிரேக் என்றால் ரிம் (சக்கர விளிம்பு) சூடாகி ட்யூப் வெடிக்கும்; டிஸ்க் பிரேக் என்றால் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஆறேழு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆறவிட வேண்டும், அப்போது டிஸ்க்கைத் தொடாதீர்கள். பிரேக் பேட் 1 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். மேலே காற்றுத் தடுப்புச் சட்டை தேவை. கீழே போகப் போகப் பத்து டிகிரி அளவுக்கு வெப்பம் கூடும். மே சீசனில் மட்டும் இந்த ஆசை வேண்டாம், ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளையும் இந்த வழியில் திருப்பிவிடுவார்கள்.

கிழக்குச்சரிவு:
ஒன்று விட்டுப்போனது. சொந்த வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் இ-பாஸ் எடுங்கள், 2024 மே முதல் கட்டாயம். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. கேத்தரின் அருவியை மேலிருந்து பாருங்கள். மழைக்குப் பிறகு பாறையில் இறங்கினால் வழுக்கும், பையனைக் கூட்டிக்கொண்டு போகும் இடமே இல்லை. கரிக்கையூர் பக்கம் மலையேற ஆசை வந்தால் வனத்துறையின் ஆன்லைன் முன்பதிவு வழியாகத்தான் முடியும். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், ஏப்ரல் பயணத்துக்கு முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.