கழுவும்போது தயிராய்த் திரண்டுவிட்டது: பழைய பாமாயில் பயோடீசல், காப்பாற்ற முடியுமா?

முறுக்குப்பட்டறை:
முறுக்கு, காராபூந்தி போட்டு மிஞ்சிய பாமாயில். தோட்டத்து 8 ஹெச்பி பம்புசெட் இன்ஜினுக்காகப் பயோடீசல் செய்கிறேன். 20 லிட்டரைத் துணியில் வடிகட்டி, அலுமினிய அண்டாவில் 60 டிகிரிக்குச் சூடாக்கினேன். 3.2 லிட்டர் மெத்தனாலில் 100 கிராம் காஸ்டிக் சோடா செதில் கரைத்து ஊற்றி, டிரில் மெஷினில் பெயிண்ட் கலக்கும் கம்பி மாட்டி 45 நிமிடம் கலக்கினேன். காலையில் கீழே ஒன்றரை லிட்டர் கிளிசரின்தான் இருந்தது. அதை வடித்துவிட்டு, மிச்சமுள்ள சோப்பைக் கழுவ 10 லிட்டர் போர் தண்ணீர் ஊற்றி அதே கம்பியால் கலக்கினேன். மொத்தமும் வெள்ளையாகத் திரண்டுவிட்டது, பிரியவே மாட்டேன் என்கிறது. கொட்டிவிடவா?

கிணத்துக்கடவு டீசல்:
கொட்டாதீங்க. ஆனா முதல்ல அந்த அண்டாவை மாத்துங்க. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், அரிக்கும்போது ஹைட்ரஜன் கிளம்பும். எவர்சில்வர் டிரம்தான் இதுக்கு. டிரில் மெஷினும் வேண்டாம்: உள்ளே கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கிட்டே இருக்கும், பக்கத்துலயே மெத்தனால் ஆவி. எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைச்சு, தள்ளி வெச்ச பிறகுதான் மெத்தனால் பக்கம் போகணும். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதிச்சிடும், அதனால 55ஐத் தாண்ட விடாதீங்க. கலக்க பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் வெச்ச பம்ப் போதும்.

வேதிவாத்தியார்:
கழுவியதில் கோளாறு என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் கோளாறு அதற்கு முந்தைய கட்டத்தில். எண்ணெய் முழுதாகப் பயோடீசலாக மாறியிருந்தால் கொஞ்சம் சோப்பு இருந்தாலும் தண்ணீர் பிரிந்துவிடும். அரைகுறையாக மாறிய மோனோ, டை கிளிசரைடுகள் சோப்போடு சேர்ந்தால்தான் இப்படிப் பிடிவாதமாக நிற்கும். கிளிசரின் குறைவாக இறங்கியதும் அதையே சொல்கிறது. 20 லிட்டருக்கு அது மூன்று லிட்டருக்குக் குறையாமல் இறங்கியிருக்க வேண்டும்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். டைட்ரேஷன் (எண்ணெயில் எவ்வளவு அமிலம் என்று அளக்கும் சோதனை) பார்த்தீர்களா? எண்ணெயில் ஈரம் இருந்ததா? அதே எண்ணெய் மிச்சம் இருந்தால் இப்போதே பாருங்கள். ஒரு கிராம் காஸ்டிக் சோடாவை ஒரு லிட்டர் பேட்டரி தண்ணீரில் கரையுங்கள். 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு சொட்டு பினால்ப்தலீன் (நிறங்காட்டி) விட்டு, அது லேசாக இளஞ்சிவப்பாகும்வரை கரைசலைச் சேருங்கள். பிறகு அதில் 1 மில்லி எண்ணெயைக் கரைத்து, இன்சுலின் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகக் கரைசலை விடுங்கள். நிறம் 20 விநாடி நிற்க வேண்டும். எண்ணெய் விட்ட பிறகு எத்தனை மில்லி போனதோ, லிட்டருக்கு அத்தனை கிராம் காஸ்டிக் கூடுதலாக வேண்டும்.

நாட்டுவைத்தியன்:
பினால்ப்தலீன் கிடைக்காவிட்டால் மஞ்சள்தூளை ஆல்கஹாலில் ஊறவைத்த தெளிவே போதும். மஞ்சள் செங்காவியாக மாறும் இடம்தான் முடிவு. கடைத்தூளில் கலப்படம் இருக்கலாம், கிழங்கை இடித்துக்கொள்ளுங்கள்.

முறுக்குப்பட்டறை:
பார்த்தேன். 3 மில்லி. ஈரத்துக்குச் சூடான தவாவில் ஒரு சொட்டு விட்டேன், படபடவென்று வெடித்தது. காஸ்டிக் சோடா சாக்கு திறந்தேதான் கிடந்தது.

வேதிவாத்தியார்:
எல்லாம் புரிந்துவிட்டது. கணக்கு பாருங்கள்: அமிலமே இல்லாத எண்ணெய்க்கும் வேண்டிய அடிப்படை 5, டைட்ரேஷன் 3, ஆக லிட்டருக்கு 8 கிராம். 20 லிட்டருக்கு 160 கிராம். நீங்கள் போட்டது 100. அதில் 60 கிராம் எண்ணெயின் தனிக் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகப் போய்விட்டது. அந்தச் சோப்பே 450 கிராம் தேறும். வினையை நடத்த எஞ்சியது லிட்டருக்கு 2 கிராம். சாக்கு திறந்து கிடந்ததால் அதிலும் ஒரு பகுதி காற்றின் கரியமில வாயுவைக் குடித்துச் சலவைச் சோடாவாகியிருக்கும், அதனால் பயனில்லை.

மெத்தனாலும் போதாது. கணக்குப்படி எண்ணெயின் அளவில் 13 சதவீதம் வினைக்கே செலவாகும். வினையை முன்னோக்கித் தள்ள அதற்கு மேல் கையிருப்பு வேண்டும், ஆகவே 20 முதல் 22 சதவீதம், அதாவது 4 முதல் 4.4 லிட்டர். நீங்கள் விட்டது 16 சதவீதம். ஈரம் வேறு இருந்திருக்கிறது. அடுத்த முறை எண்ணெயை 110 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி, சடசடப்பு அடங்கும்வரை வைத்து, ஆறவிட்டுத் தொடங்குங்கள். நேரமும் 45 நிமிடம் அல்ல, ஒன்றரை மணி.

இப்போது இருப்பதைக் காப்பாற்ற: தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, லிட்டருக்கு 100 கிராம் கல்லுப்பு கரைத்து, 5 லிட்டரை மேலாகத் தெளியுங்கள். கலக்க வேண்டாம். ஒரு நாள் விடுங்கள். உப்பு சோப்பை எண்ணெயிலிருந்து கீழே தள்ளும்.

பசுமை எரிபொருள்:
எதுக்கு இவ்வளவு சுத்தல்? 200 மில்லி வினிகர் விட்டா பட்டுனு பிரிஞ்சிடும்.

வேதிவாத்தியார்:
பிரியும். ஆனால் உடைந்த சோப்பு கொழுப்பு அமிலமாகி எரிபொருளோடேயே தங்கிவிடும். இவர் இதை மறுபடி வினைக்கு விடப் போகிறார், அப்போது அந்த அமிலம் மீண்டும் காஸ்டிக்கைத் தின்னும். உப்பு தோற்றால் மட்டும் வினிகர், அதற்குப் பின் கட்டாயம் மறு டைட்ரேஷன்.

முறுக்குப்பட்டறை:
உப்புத் தண்ணீரில் பிரிந்துவிட்டது சார். மேலே கலங்கலாக 18 லிட்டர். நடுவில் வெள்ளை ஏடு நிற்கிறது.

கிணத்துக்கடவு டீசல்:
அந்த ஏட்டுல உங்க போர் தண்ணிக்கும் பங்கு இருக்கு. கடினத் தண்ணியில இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோப்போட சேர்ந்து கரையாத பிசினா மாறும். இன்ஜெக்டர் வரைக்கும் போச்சுன்னா தலைவலி. ஏட்டைத் தனியா எடுத்துடுங்க. இனிமே கழுவ மழைத் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோதான்.

வேதிவாத்தியார்:
மேலே உள்ளதை நன்றாக உலர்த்திவிட்டு, எண்ணெய் முழுதாக மாறியதா என்று காட்டும் 3/27 சோதனை பாருங்கள். 3 மில்லி பயோடீசல், 27 மில்லி மெத்தனால், குலுக்கி அரை மணி விடுங்கள். அடியில் எண்ணெய் விழாவிட்டால் தேர்ச்சி. நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு: 32 டிகிரி வெயிலில் மாறாத எண்ணெயும் கொஞ்சம் கரைந்து, தேர்ச்சி பெற்றதாகக் காட்டிவிடும். இரண்டையும் ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் கீழே போனால் பாமாயிலின் மெழுகு உறைந்து, தோல்வி போலத் தோன்றும்.

முறுக்குப்பட்டறை:
20 டிகிரியில் அடியில் 0.3 மில்லி நின்றது.

வேதிவாத்தியார்:
குறைந்தது பத்தில் ஒரு பங்கு மாறவில்லை. ஒரு டைட்ரேஷன் பார்த்து, அதில் வருவதைக் கூட்டிக்கொள்ளுங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் 18 லிட்டருக்கு 2 லிட்டர் மெத்தனால், 40 கிராம் காஸ்டிக். புதுப் பொட்டலம் பிரியுங்கள். 55 டிகிரியில் ஒரு மணி. மெத்தனாலில் காஸ்டிக் கரைக்க, அடியில் 2 என்ற முக்கோணக் குறி உள்ள ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் கேன் மட்டும், பெட் பாட்டில் அரித்துப் போகும். கிளிசரின் இறங்கியதும் மறுபடி 3/27. தேறாமல் தண்ணீரைத் தொடாதீர்கள். தேறிய பிறகு முதல் இரண்டு கழுவல் ஷவர் தலையில் வரும் தூறலாக, கலக்காமல். தண்ணீர் தெளிவாக வரத் தொடங்கியதும் கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டலாம்.

கிணத்துக்கடவு டீசல்:
அடுத்த தடவை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு முயற்சி பண்ணுங்க. அடிப்படை லிட்டருக்கு 7 கிராம், டைட்ரேஷனும் அதே பொருள்லதான் பார்க்கணும். விலை கூட, ஆனா கிளிசரின் தண்ணியாவே நிக்கும். காஸ்டிக் போட்டா பாமாயில் கிளிசரின் கெட்டியாகி வால்வை அடைச்சிடும்.

அந்தக் கிளிசரின்ல மெத்தனால் இருக்கு. மாட்டுத் தீவனத்துல கலக்கவோ, வீட்டு சோப்புக்கு எடுக்கவோ கூடாது. மெத்தனால் வாங்க, வைக்க மதுவிலக்கு ஆயத்தீர்வை உரிமம் வேணும். கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கெடுபிடி சும்மா இல்ல. பெரிய எழுத்துல விஷம்னு எழுதிப் பூட்டி வைங்க.

முறுக்குப்பட்டறை:
இரண்டாம் வினை முடிந்து 3/27 தெளிவாக வந்தது. கழுவியும் ஆயிற்று, ஆனால் நிறம் மங்கல்.

கிணத்துக்கடவு டீசல்:
மங்கல்னா ஈரம். 55 டிகிரியில வாய் அகண்ட டிரம்ல வெச்சு மேலே ஃபேன் காத்து விடுங்க. பாட்டில்ல ஊத்திப் பின்னாடி தினத்தாள் வெச்சா எழுத்து படிக்க வரணும், ஆறினப்புறமும் வரணும். இன்ஜின்ல முதல்ல டீசலோட 20 சதவீதம் கலந்து ஓட்டுங்க. டேங்க்ல படிஞ்ச பழைய அழுக்கை எல்லாம் கரைச்சுக் கொண்டாரும், அதனால ஃபில்டர் ரெண்டு கையில இருக்கட்டும். ரப்பர் ஹோஸ் ஊதிப் பிசுபிசுக்கும், பயோடீசலைத் தாங்குற வைட்டான் ஹோஸா மாத்திடுங்க. பாமாயில் பயோடீசல் 15 டிகிரியை ஒட்டியே மெழுகு கட்டும், அதனால மார்கழிக் காலையில மட்டும் தனி டீசல்ல ஸ்டார்ட் பண்ணுங்க.