90 மீட்டர் கப்பல் தக்கை மாதிரி துள்ளுகிறது, பிளெண்டரில் எப்படிச் சரிசெய்வது?

கேட்டவர்:
வணக்கம். குறும்படம் ஒன்றுக்காகப் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் சரக்குக் கப்பல் காட்சி செய்கிறேன். நீளம் 90 மீட்டர், அகலம் 15. ஓஷன் மாடிஃபையர் (கடல் அலையை உருவாக்கும் கருவி) போட்ட தண்ணீரில், கப்பலின் நடுவே ஒரு எம்ப்டி (ரெண்டரில் தெரியாத குறிப்புப் புள்ளி) வைத்து, ஒரு பொருளை இன்னொன்றின் பரப்பில் ஒட்டவைக்கும் ஷ்ரிங்க்ராப் மூலம் நீர்ப்பரப்போடு ஒட்டியிருக்கிறேன். சாய்வும் அதிலிருந்தே வருகிறது. ஓடவிட்டால் குளத்தில் விட்ட காகிதப் படகு மாதிரி வெடுக் வெடுக்கென்று ஆடுகிறது. ஸ்மூத் பண்ணினால் ஆட்டம் குறைகிறதே தவிர, கனம் வரவில்லை. கடல் ஓடும் நேரத்தைக் குறிக்கும் டைம் மதிப்புக்கு 1-ஆம் ஃப்ரேமில் 1, 240-ஆம் ஃப்ரேமில் 40 என்று கீ வைத்திருக்கிறேன். வேகம் நொடிக்கு 24 ஃப்ரேம். ஸ்பேஷியல் சைஸ் (கடல் பரப்பின் அளவு, மீட்டரில்) 50, அதை மாற்றவில்லை. மூன்று வாரமாக இதிலேயே நிற்கிறேன்.

பதில் 1:
முதலில் கடலைச் சரிசெய்யுங்கள், கப்பல் பிறகு. ஸ்பேஷியல் சைஸ் 50 என்றால் அதில் 50 மீட்டரைவிட நீளமான அலை வரவே வராது. உங்கள் கப்பலை முழுதாகத் தூக்கி இறக்கும் அலை அந்தக் கடலில் இல்லை. 400 வையுங்கள். நுணுக்கம் குறையும், ரெசல்யூஷனைக் கொஞ்சம் ஏற்றி, சின்னச் சிற்றலைகளை நார்மல் மேப்பில் (பரப்பை மேடுபள்ளமாகத் தெரியவைக்கும் படம்) கொடுத்துவிடலாம்.

அடுத்து டைம். 10 நொடிக் காட்சியில் 39 நொடிக் கடலை ஓட்டியிருக்கிறீர்கள். ஏறக்குறைய நான்கு மடங்கு வேகம், பொம்மைத்தனம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.25-ஆல் பெருக்கியது. 90 மீட்டர் அலை நொடிக்குச் சுமார் 11.9 மீட்டர் போகும். கப்பல் நின்றால், ஒரு முகடு முன்முனையிலிருந்து பின்முனை போக 7.6 நொடி. ஃப்ரேமை 24-ஆல் வகுத்து டைமுக்கு ட்ரைவர் (மதிப்பைச் சூத்திரத்தால் ஓட்டும் வசதி) போடுங்கள்.

பிறகு ஒரே எம்ப்டியை விடுங்கள். நீளவாக்கில் ஐந்து, குறுக்கே மூன்று என 15 வையுங்கள். எல்லாவற்றின் சராசரி உயரம் கப்பலின் ஏற்ற இறக்கம். முன், பின் வரிசைகளின் வித்தியாசம் பிட்ச், அதாவது முன்பின் சாய்வு. கப்பலைவிடக் குட்டையான அலைகள் சராசரியில் தானாகக் கரைந்துவிடும். நிஜத்தில் அடிப்பகுதியின் நீளமும் இதைத்தான் செய்கிறது.

பதில் 2:
நான் சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் இருந்தவன். பக்கவாட்டு ஆட்டத்தை நீரின் சாய்விலிருந்து நேராக எடுக்காதீர்கள் தம்பி. கப்பலுக்கென்று ஒரு ஆட்டக் காலம் உண்டு. அகலத்தை 0.8-ஆல் பெருக்கி, ஜிஎம் உயரத்தின் (ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டர் என்ற நிலைப்புப் புள்ளிக்கும் இடையிலான உயரம், மீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுத்தால் தோராயமாக வரும். ஜிஎம் 1 மீட்டர் என்றால் உங்களுக்கு 12 நொடி. 2 மீட்டர் என்றால் 8.5 நொடி, அந்தக் கப்பல் சடாரென்று நிமிரும், உள்ளே நிற்க முடியாது. நீரின் சாய்வு ஒரு ஸ்ப்ரிங்கைத் தள்ளட்டும், ஸ்ப்ரிங் கப்பலைச் சாய்க்கட்டும். தணிப்பு 0.05 முதல் 0.1 வரை போதும். அலை கடந்த பிறகும் கப்பல் தன்போக்கில் ஆடிக்கொண்டிருக்கும் பாருங்கள், கனம் அங்கேதான் தெரியும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. கடலும் பிட்ச்சும் சரியாகிவிட்டன. ஆனால் ஸ்ப்ரிங்கைப் பைத்தானில் எழுதினால் அரை நொடிக்கு ஒருமுறை ஆடுகிறது!

பதில் 1:
ஒரு ஃப்ரேமை ஒரு நொடியாகக் கணக்கிட்டிருப்பீர்கள். கால இடைவெளியை 1/24 ஆக்குங்கள்.

கேட்டவர்:
அதேதான்! இப்போது ஒரு முழு ஆட்டம் 288 ஃப்ரேம். கப்பல் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் ஓடுகிறது, அதற்கு எதுவும் மாற்ற வேண்டுமா?

பதில் 2:
எம்ப்டிகள் கப்பலோடு நகர்ந்தால் தானாக வந்துவிடும். சரிபார்க்க மட்டும்: அதே 90 மீட்டர் அலை எதிரே வந்தால் 5 நொடிக்கு ஒருமுறை மோதும், பின்னாலிருந்து வந்தால் 16 நொடி ஆகும்.

கேட்டவர்:
எதிரலையில் 120 ஃப்ரேமுக்கு ஒரு முகடு, எண்ணிப் பார்த்துவிட்டேன். இரவே ரெண்டருக்குப் போடுகிறேன்.