மறு: ஹேர் ஜெல்லுக்குத் தமிழில் என்ன?

> 'தலைக்களிம்பு' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

வணக்கம்.

தோ பாயோ நண்பருக்கு: களிம்பு ஒத்துவராது. புண்ணுக்குத் தடவுவது நினைவுக்கு வரும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். களிம்பு பெரும்பாலும் எண்ணெய்ப்பசை உள்ளது. ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். கார்போமர் என்ற பலபடி (பாலிமர்) அந்தத் தண்ணீரில் உப்பி அதைக் கெட்டியாக்குகிறது. தண்ணீர் காய்ந்ததும் பிவிபி போன்ற இன்னொரு பலபடி மெல்லிய படலமாகி முடிகளை ஒட்டிப் பிடிக்கும். விறைப்பு அதனால்தான். படலம் நொறுங்கினால் தோளில் வெள்ளைத் துகள் விழும். பொடுகு என்று பயந்து ஷாம்பூ மாற்றுபவர்கள் உண்டு!

எல்லாவற்றையும் களிம்பு என்றால் பிரில்கிரீமை என்ன செய்வது? 1928இல் பர்மிங்ஹாமில் வந்த அது, தண்ணீரையும் கனிம எண்ணெயையும் தேன்மெழுகால் இணைத்த பால்மம் (எமல்ஷன்). காயாது, பளபளக்கும். நம் தாத்தாக்களின் படிய வாரிய வகிடு அந்தச் சிவப்பு டப்பாவின் புண்ணியம்.

அப்புறம் எழுபதுகள். நீளமுடிக்கு எதைப் பூச? இங்கே சிங்கப்பூரில் அதை வளர்ப்பதே பாடு. லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவே 1972இல் முடியை வெட்ட மறுத்ததால் இங்கு பாடாமல் திரும்பியது. நீளமுடி ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்ற அறிவிப்பு அரசு அலுவலகங்களில் தொங்கியது. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மறைத்தால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளமுடி. கலைச்சொல் குழு எதுவும் இவ்வளவு துல்லியமாக வரையறுத்து நான் பார்த்ததில்லை.

ஜெல்லின் பொற்காலம் அதற்குப் பிறகு, முடியைக் குட்டையாக வெட்டி முள்ளுமுள்ளாக நிறுத்தியபோது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'முடிப்பசை' செயலுக்குப் பொருந்துகிறது, ஆனால் விக் ஒட்டும் பசை என்று நினைப்பார்கள். 'சிகைக்களி' வேண்டாம், களி என்றாலே சிறைச்சாலை. ஆணின் தலைமுடியைக் குறிக்கும் சங்கச் சொல்லான 'குஞ்சி'யை ஒருவர் முன்மொழிந்தார். உயர்நிலை இரண்டு மாணவர்கள் முன் அவரே சொல்லிப் பார்க்கட்டும்.

என் வாக்கு 'முடிக்கூழ்'. வேதியியலில் கூழ்மம் (கொலாய்டு) என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது, ஜெல்லும் கூழ்ம வகைதான். கிரீமுக்கு 'முடிப்பால்மம்', வேக்ஸுக்கு 'முடிமெழுகு' என்று வரிசையும் அமைகிறது.

ஹேர் கிளே மட்டும் பாக்கி. அதில் இருப்பது உண்மையிலேயே களிமண்தான், கயோலின் அல்லது பெண்டோனைட். ஆனால் 'தலைக்களிமண்' என்று டப்பாவில் அச்சடித்தால் எந்தத் தமிழன் காசு கொடுத்து வாங்குவான்? யாராவது வேறு சொல் தாருங்கள்.