முதல் டெஸ்ட் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ்: மூளைக்காய்ச்சல் வந்த வீட்டுக்காரர்கள் எழுதுங்கள்

பெகுக்காரன்:

தங்கச்சி பையன், எட்டு வயது. பர்மாவில் மழைக்காலத்தில் வரும் புத்தப் பண்டிகை வாசோ பௌர்ணமி, அந்த லீவு முடிந்த வாரம், நடவு நேரம், வீட்டைச் சுற்றித் தண்ணீர். திங்கட்கிழமை காய்ச்சல், தலைவலி, வாந்தி. வியாழன் ராத்திரி அவன் அம்மாவைப் பார்த்து "சயாமா, வீட்டுப்பாடம் முடிச்சிட்டேன்" என்றான். சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர். படுத்தபடியே இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, வகுப்பில் டீச்சர் முன்னால் நிற்பார்களே அந்த மாதிரி. பெற்றவளைத் தெரியவில்லை. தங்கச்சி அழவில்லை, "சரிப்பா, நல்ல பிள்ளை" என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கும் என்னைத் தூங்க விடாதது அதுதான்.

வெள்ளிக்கிழமை முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து ரங்கூனுக்கு அனுப்பினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஆன்டிபாடி இல்லை, நெகட்டிவ் என்று வந்தது. அதற்குள் பையனுக்கும் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. எங்களுக்குச் சாமியே இறங்கி வந்த மாதிரி. டாக்டரம்மா, சின்ன வயதுதான், "இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கணும், இது முடிவு இல்லை" என்றார். நான் கத்திவிட்டேன். குழந்தை முதுகில் எத்தனை தடவை குத்துவீர்கள் என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கையெழுத்துப் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தோம். அன்று ராத்திரியே வலிப்பு. திரும்ப ஓடினோம். அப்புறம் எடுத்த ரத்தத்தில் பாசிட்டிவ். இப்போது பையன் நடக்கிறான், பேசுகிறான், இடது கையில் மட்டும் தட்டுப் பிடிக்க முடியாது.

ஐந்தாம் நாள் எடுத்த நீரில் எப்படி நெகட்டிவ் வரும்? ஆய்வகத்தில் தப்பு நடந்திருக்குமா?

மோல்மேன் மருமகள்:

அண்ணே, உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அந்த வராண்டாவில் நின்றவள்தான். என் கொழுந்தன் மகளுக்கு முதுகில் ஊசி போடக் கூடாது என்று மாமியார் கட்டிலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில் நான்தான் பிள்ளையை ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, கட்டிப் பிடித்துக்கொண்டேன். சீழ் மாதிரி வரும் என்று நினைத்திருந்தேன். சின்னக் குழாயில் சொட்டுச் சொட்டாக விழுந்தது, மழைத்தண்ணீர் மாதிரித் தெளிவாக. இதற்குள்ளா இத்தனை வியாதி இருக்கிறது என்று அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிழைத்துவிட்டாள். அந்த ஒரு நாள்தான் உறுத்துகிறது.

ரங்கூன் ஆய்வகம் (ஓய்வு):

பெகு தம்பி, ஆய்வகத்தைக் குறை சொல்வதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள். அந்தக் கிருமியை நாங்கள் நேரடியாகத் தேடுவதில்லை. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்போது அது ரத்தத்தில் அநேகமாக இருக்காது, அதனால் கிருமியின் மரபணுவைத் தேடுகிற பி.சி.ஆர். டெஸ்ட் பெரும்பாலும் கைகொடுக்காது. உடம்பு அதை எதிர்த்து முதலில் செய்கிற ஐ.ஜி.எம். ஆன்டிபாடியைத்தான் எலைசா என்கிற ஆய்வக முறையில் தேடுகிறோம். அது உருவாக நாள் பிடிக்கும். முதுகுத்தண்டு நீரில் நாலாம் நாள் வாக்கில் தெரிய ஆரம்பிக்கும், ரத்தத்தில் ஏழாம் நாள் வாக்கில். பத்தாம் நாள் தாண்டினால் அநேகமாக எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் வருகிற நெகட்டிவ் "இல்லை" என்பதல்ல, "இன்னும் தெரியவில்லை" என்பது. உங்கள் டாக்டரம்மா சொன்னது சரி.

ரத்தத்தில் மட்டும் பாசிட்டிவ் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டெங்கும் இதே குடும்பம், ஒன்றின் ஆன்டிபாடி இன்னொன்றின் டெஸ்டில் ஒட்டிக்கொள்ளும். சமீபத்தில் தடுப்பூசி போட்டிருந்தாலும் காட்டும். அதனால்தான் முதுகு நீரைக் கேட்கிறார்கள். அந்த நீரிலேயே ஐ.ஜி.எம். இருந்தால் மூளைப் பக்கம் கிருமி போயிருக்கிறது என்று அர்த்தம். மோல்மேன் மாமியார் பயந்த மாதிரிக் கால் போகாது. ஊசி இறங்குகிற இடத்தில் தண்டுவடம் கிடையாது, அது மேலேயே முடிந்துவிடும். தலைவலி ஒன்றிரண்டு நாள் இருக்கலாம்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எல்லா மூளைக்காய்ச்சலுக்கும் ஆன்டிபாடிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஹெர்பிஸ் கிருமி என்றால் அதற்கு அசைக்ளோவிர் மருந்து உண்டு, சந்தேகம் வந்தவுடனேயே ஏற்ற வேண்டும். அதற்குப் பி.சி.ஆர்.தான் சரி, ஆன்டிபாடி தாமதமாக வரும். மலேரியாவும் பார்க்க வேண்டும், நம் ஊரில் அதை விட்டுவிட முடியாது. பிள்ளை ஆளைத் தெரியாமல் பேசினால், வலிப்பு வந்தால், கழுத்து விறைத்தால் அன்றைக்கே போங்கள், மந்திரிக்கிற வேலையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கதை சின்னது. மாதிரியோடு வருகிற தாளில் "காய்ச்சல் தொடங்கிய நாள்" என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு பிள்ளையின் தாளில் அது காலி. நெகட்டிவ் என்று வந்தது, நானும் நெகட்டிவ் என்று எழுதி அனுப்பினேன். அது இரண்டாம் நாளா பத்தாம் நாளா என்று போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வெற்றுக் கட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தாட்டோன் மகள்:

ஐயா நன்றாக விளக்கினீர்கள். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு மருந்தே இல்லை என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? காய்ச்சலைக் குறைக்கலாம், வலிப்பை நிறுத்தலாம், மூச்சைப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதானே. டெஸ்ட் எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஊரே சொல்லும்போது எங்களைப் போன்றவர்களுக்கு எப்படி இருக்கும்?

2017இல் மழைக்காலத்தில் அப்பா போனார். இந்தக் கிருமி பன்றியிடமிருந்து கொசு வழியாகத்தானே வருகிறது; வயலுக்குப் பக்கத்திலேயே பன்றிக் கொட்டகை, சாயங்காலம் கொசு முகத்தில் மோதும். பெரியவர்களுக்கு வராது என்று நினைத்திருந்தோம். ஆறாம் நாள் இறந்தார். ரிசல்ட் அவர் கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்து வந்தது, பாசிட்டிவ். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

அந்த நவம்பரில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தத் தடுப்பூசி என்று அரசாங்கம் நாடு முழுக்க ஆரம்பித்தது. அண்ணி தன் இரண்டு பிள்ளைகளையும் அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார், ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று. நான் ஒன்றும் பேசவில்லை. படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் கையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் காலையில் பிள்ளைகள் முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி அவரே கூட்டிக்கொண்டு போனார்.

ரங்கூன் ஆய்வகம் (ஓய்வு):

மருந்து இல்லை என்பது உண்மைதான் அம்மா, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் அப்பா விஷயத்தில் நீங்கள் யாரும் எதையும் தவறவிடவில்லை.

பெகுக்காரன்:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுத் தங்கச்சிக்குப் போன் செய்தேன். காய்ச்சல் திங்கட்கிழமை இல்லையாம். திங்கட்கிழமை மழையில் நனைந்து தும்மிக்கொண்டிருந்தானாம், உடம்பு சுட்டது புதன்கிழமைதானாம். நான் அப்போது ஊரில் இல்லை, புதன் ராத்திரிதான் வந்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது தங்கச்சி பேசுகிற நிலையில் இல்லை, நான்தான் முந்திக்கொண்டு திங்கள் என்று சொன்னேன்.

அப்படியென்றால் நீர் எடுத்தது மூன்றாம் நாள். அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்காது ஐயா. நான் சொன்ன தேதி அதில் இருந்திருக்கும்.