லீஸ்: குத்தகையா, இரவலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> லீஸ் என்பதற்குக் ‘குத்தகை’ என்றே வைத்துவிடலாம். அகராதியில் இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

வலையில் சேரும் கருவிக்கு ஐபி முகவரி கொடுக்கும் நெறிமுறை டிஎச்சிபி. அது முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுப்பதைத்தான் ஆங்கிலத்தில் லீஸ் என்கிறார்கள். நாம் தமிழில் எழுதும் வைஃபை பெட்டி வழிகாட்டியின் வரைவுக்குப் போன வாரம் வந்த இந்த யோசனைக்கு நானும் தலையாட்டியவன்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பட்ட பாட்டுக்குப் பிறகு மனம் மாறிவிட்டது. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சும்மா கிடந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி ஒன்றில், வைஃபை பரப்பும் ஹோஸ்ட்ஏபிடியும் முகவரி கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க்கும் போட்டு மாடிக்கு ஒரு வைஃபை பெட்டி கட்டினேன். கைபேசியில் பெயர் தெரிந்தது, கடவுச்சொல்லை ஏற்றது, அதோடு சரி. ஐபி முகவரியைப் பெறுவதாகச் சொல்லிச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கைவிட்டது. மடிக்கணினி 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைக் காட்டியது. அது யாரும் கொடுத்ததல்ல. கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் கணினி தானே போட்டுக்கொள்வது. ஆக, ரேடியோவில் கோளாறு இல்லை. முகவரி கொடுக்க வேண்டிய ஆள்தான் வாய் திறக்கவில்லை.

மடிக்கணினியைக் கம்பியில் மாட்டிப் பதிவைத் திறந்தால், டிஎன்எஸ்மாஸ்க் காரணத்தை எழுதியே வைத்திருந்தது: டபிள்யூலேன்0 (பெட்டியின் வைஃபை இடைமுகம்) வழியாகக் கோரிக்கை வருகிறது, அந்த இடைமுகத்துக்கே முகவரி இல்லை! ஊருக்கு வீடு பார்த்துக் கொடுப்பவர் தெருவில் நிற்கிற கதை. நான் பின்பற்றிய வழிகாட்டி பழையது. பெட்டிக்கு 192.168.4.1 என்ற நிலையான முகவரியை டிஎச்சிபிசிடி என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் எழுதச் சொன்னது, எழுதினேன். ஆனால் 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்போடு ராஸ்பெரி பை இயங்குதளம் நெட்வொர்க்மேனேஜர் என்ற வேறு நிரலுக்கு மாறிவிட்டது. நான் எழுதியதைப் படிக்க அங்கே ஆளே இல்லை. டபிள்யூலேன்0-ஐ அதன் பிடியிலிருந்து விடுவித்து, முகவரியைக் கையால் கொடுத்து, டிஎன்எஸ்மாஸ்க்கை மறுபடி கிளப்பியதும் வீட்டிலிருந்த நாலு கைபேசிக்கும் முகவரி கிடைத்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். பெட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று பிள்ளைகளுக்குள் சண்டை. ஒவ்வொருவர் சொன்னதையும் வைத்துப் பார்த்தோம். ஐந்தாவது பெயரில் மூன்று கைபேசி சேர்ந்துகொண்டது, அம்மாவின் கைபேசி மட்டும் பழையபடி சுற்றியது. இந்த முறை பதிவில் வேறு வசனம்: கொடுக்க முகவரி மிச்சமில்லை.

நான் வைத்திருந்த வரம்பு 192.168.4.2 முதல் 192.168.4.20 வரை, ஆளுக்கு 24 மணி நேரம். மொத்தம் 19 முகவரி. ஆண்ட்ராய்டு 10 முதல் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் புதிதாக ஒரு மேக் முகவரியை (கருவியை அடையாளம் காட்டும் எண்) பூண்டுகொண்டு வருகின்றன. நாலு கைபேசி, ஐந்து பெயர். டிஎன்எஸ்மாஸ்க் கண்ணுக்கு வந்தவர்கள் 20 பேர், இருபதாவது ஆள் அம்மா. பழைய பெயர்களில் வாங்கிய முகவரிகளை எந்தக் கைபேசியும் திருப்பிக் கொடுக்கவில்லை. பெரும்பாலும் கொடுக்காது, விடுவிக்கும் செய்தியை அனுப்பியே தீர வேண்டும் என்று நெறிமுறையிலும் கட்டாயமில்லை.

இந்த இடத்தில்தான் தங்கை மகன் நம் வரைவைத் திறந்து, ‘குத்தகைக் காலம் முடியும்வரை முகவரி விடுபடாது’ என்ற வரியைப் படித்துவிட்டு, “மாமா, குத்தகைப் பணம் யாருக்குக் கட்டணும்? நெட் கம்பெனிக்கா?” என்று கேட்டான்.

சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வியில் தப்பில்லை. குத்தகை என்றால் பணமோ நெல்லோ கைமாற வேண்டும். எங்கள் மதுரைப் பக்கம் வீட்டை ஒத்திக்கு விடுவார்கள், சென்னையில் அதையே லீஸ் என்பார்கள். அதிலும் மொத்தமாக ஒரு தொகை உண்டு. டிஎச்சிபியில் சல்லிக்காசு கிடையாது. பெட்டி தன்னிடம் இருப்பதில் ஒன்றை எடுத்து, பேரேட்டில் குறித்துக்கொண்டு, இத்தனை மணிக்குள் புதுப்பித்துக்கொள், இல்லையென்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறது. தமிழில் இதற்குப் பெயர் இரவல்.

சொல்லிப் பாருங்கள்: இரவல் முகவரி, இரவல் பேரேடு, இரவல் கெடு, இரவல் புதுப்பிப்பு. ‘இரவல் எல்லாம் வெளியே போய்விட்டது, அலமாரி காலி’ என்றதும் பையனுக்குப் புரிந்துவிட்டது. பேரேட்டை அழிக்கலாமா, கெடுவைக் குறைக்கலாமா என்று அவனே கேட்டான். இரண்டையும் செய்தோம். கெடு இப்போது ஒரு மணி நேரம், வரம்பு 200 வரை.

‘ஒதுக்கீடு’ பற்றியும் ஒரு வார்த்தை. வரைவில் முகவரி கொடுப்பது எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு என்றே போட்டிருக்கிறோம். நம் காதில் அந்தச் சொல், இன்னாருக்கு என்று எடுத்து வைப்பது. டிஎச்சிபிக்கு முன்னோடியாக 1985இல் வந்த பூட்பி அப்படித்தான் இயங்கியது: இந்த இயந்திரத்துக்கு இந்த முகவரி என்று முன்கூட்டியே அட்டவணை எழுத வேண்டும். 1993இல் டிஎச்சிபி வந்தபோது அதன் மேல் ஏறிய பெரிய புதுமையே இந்தக் கெடு வைத்த இரவல்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்த வித்தியாசமே அழிந்துபோகும். நிலையாக எழுதி வைப்பதற்கு மட்டும் ஒதுக்கீடு இருக்கட்டும்.

வலையில் சேரும் கருவியான ஹோஸ்ட் என்பதற்குப் ‘புரவலர்’ போட்டவர் யார் என்று தெரியவில்லை, கோபிக்கக் கூடாது. சங்கப் பாடல்களில் கொடுப்பவர் புரவலர், கேட்டு வருபவர் இரவலர். நம் வரைவிலோ புரவலர் கையேந்தி நிற்கிறார், வழங்கி (சர்வர்) அவருக்கு முகவரி போடுகிறது.

— மதுரையிலிருந்து

———

ஐயா, வணக்கம்.

இரவலுக்கு என் வாக்கு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் நூலகத்தின் ‘இரவல் வழங்கும் பகுதி’யில் புத்தகம் எடுத்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு இது புதுச்சொல்லே இல்லை. வழங்கி என்ற சொல்லோடும் ஒட்டிப் போகிறது.

‘கெடு’ மட்டும் உறுத்துகிறது. கெடு வைத்தல் என்றால் கடன்காரன் வாசலில் நிற்பதுபோல் இருக்கிறது. அதோடு டிஎச்சிபியில் முடியும் நேரம் மட்டுமா முக்கியம்? பாதிக் காலம் போனதும் கருவி கொடுத்தவரிடமே புதுப்பிக்கக் கேட்கும். எட்டில் ஏழு பங்கு போயும் பதில் இல்லையென்றால் யாரிடமாவது கேட்கும். 24 மணி நேரத்துக்கு இரவல் என்றால் 12ஆவது மணியிலும் 21ஆவது மணியிலும். ஆக நமக்கு வேண்டியது முழுக் காலத்தையும் குறிக்கும் சொல். ‘தவணை’ பொருந்தும். எங்களிடம் பள்ளிக்கூடமே மூன்று தவணையாகத்தான் நடக்கிறது.

— யாழ்ப்பாணத்திலிருந்து

———

> இரவல் என்பதில் ஓர் இளக்காரம் இருக்கிறது. ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்பார்கள். தொழில்நுட்ப நூலில் இது எடுபடுமா?

கோவை நண்பரே, அந்தப் பழமொழியை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. முகவரி கிடைக்காத மடிக்கணினி தானே போட்டுக்கொள்ளும் 169.254 இருக்கிறதே, அதுதான் இடுப்புக் கந்தை. அதை வைத்து வெளியூர் போக முடியாது, வீட்டுக்குள் ஒப்பேற்றலாம். இரவல் கிடைத்ததும் கணினி அதைக் கழற்றிப் போட்டுவிடும். வரைவில் ‘தற்போடு முகவரி’ என்று நாகரிகமாக எழுதுகிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

இளக்காரம் இருப்பது உண்மை. ஆனால் குத்தகையின் கௌரவத்துக்காகப் படிக்கிறவனைப் பணம் தேட விட முடியாது.

தவணையில் எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. தமிழ்நாட்டில் தவணை என்றதும் மாதா மாதம் கட்டும் பணம்தான் நினைவுக்கு வரும், வெளியே அனுப்பிய பணம் பின்வாசலால் வந்துவிடும். ‘இரவல் காலம்’ என்று வைத்து, புதுப்பிக்காமல் அது முடிந்துபோகும் புள்ளிக்கு மட்டும் ‘கெடு’ வைத்தால் யாழ்ப்பாணத்துக்குச் சம்மதமா?

முகவரி வாங்கும்போது கருவியும் வழங்கியும் பரிமாறிக்கொள்ளும் நாலு செய்திகளுக்கும் (டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்) இப்போதைக்குத் தேடல், நீட்டல், கேட்பு, இசைவு என்று போட்டிருக்கிறேன். நீட்டல் என்பதைச் செய்யுள் இலக்கணம் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. ஆனாலும் ‘இந்தா, இது வேண்டுமா’ என்று முகவரியை நீட்டுவதற்கு வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா கைபேசிக்கு 192.168.4.10 ஐ ஒதுக்கீடாகவே எழுதிவிட்டேன். அதற்கு அந்தக் கைபேசியில் மேக் முகவரி மாற்றத்தை நிறுத்தி, சொந்த முகவரியோடு வரச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் குறிப்பையும் வரைவில் ஒதுக்கீடு பகுதியிலேயே சேர்த்துவிடுகிறேன்.

— மதுரையிலிருந்து