லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளியா? 2018 திருத்தம் குறித்த விவாதம்

பெரம்பூர்வாசி:
1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்தால் அவருக்கு விலக்கு உண்டு. இந்த விதி, புகார் சொல்ல வேண்டியவர்களின் வாயைத்தான் அடைத்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். லஞ்சம் கொடுத்ததாக ஒருவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர்மீதே வழக்குத் தொடரக் கூடாது என்று பழைய 24-ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டார்கள். பட்டா மாறுதலுக்காக மாதக்கணக்கில் அலைந்து, வேறு வழியின்றிப் பணம் கொடுத்து, அதன் பிறகும் வேலை முடியாமல் இரண்டு வாரம் கழித்துப் புகார் கொடுக்க முன்வரும் ஒரு முதியவரை, எந்த வழக்கறிஞரும் இன்று தைரியமாக அனுப்பி வைக்க மாட்டார்.

தி.நகர் தணிக்கையாளர்:
ஐயா, அந்த முதியவரை மட்டும் மனத்தில் வைத்துச் சட்டத்தை எடைபோடாதீர்கள். பணம் கொடுப்பவர்களில் அவரைப் போன்றவர்களும் உண்டு. வரிசையில் தமக்கு முன்னால் நிற்பவரைத் தாண்டிச் செல்வதற்காகக் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டாம் வகையினரைக் கணக்குப் புத்தகங்களில் நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிச் சட்டப்படி அதைச் செலவாகக் கழிக்க இயலாது. அதனால் ‘இதர செலவு’, ‘வழிச்செலவு’ என்ற தலைப்புகளில் 9,500, 9,800 என்று ரசீது இல்லாத வவுச்சர்கள் அடுத்தடுத்து வரும். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் காசாளர் முதலாளியைக் கைகாட்டுவார், முதலாளி இடைத்தரகரைக் கைகாட்டுவார். திருத்தப்பட்ட 9-ஆம் பிரிவு நிறுவனத்தையே குற்றவாளியாக்குகிறது. லஞ்சத்தைத் தடுக்கப் போதிய நடைமுறைகளை வைத்திருந்தோம் என்று நிரூபித்தால்தான் நிறுவனம் தப்ப முடியும். இந்தப் பொறுப்பைத் தொழில் துறையின் தலையில் வைத்தது மிகச் சரியான செயல்.

பெரம்பூர்வாசி:
9-ஆம் பிரிவை நான் எதிர்க்கவில்லை. லஞ்சம் கொடுத்த தனி மனிதரைத் தண்டிக்கும் 8-ஆம் பிரிவைத்தான் எதிர்க்கிறேன். நிறுவனத்திற்கு வழக்கறிஞர் இருக்கிறார், தணிக்கையாளர் இருக்கிறார். முதியவருக்கு யார் இருக்கிறார்கள்?

தி.நகர் தணிக்கையாளர்:
முதியவருக்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பணம் கொடுக்கும் முன்பே தகவல் சொல்லிவிட்டு, அதன் பிறகு கொடுப்பவருக்கு 8-ஆம் பிரிவு பொருந்தாது. ஆலந்தூரில் உள்ள ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகத்திற்கு முதலிலேயே போகலாமே.

அடையாறு வாசகி:
போனால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் பினாப்தலீன் பொடி தடவி, புகார்தாரரின் கையிலேயே கொடுத்து அனுப்புவார்கள். அலுவலர் வாங்கியதும் அவரது விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவச் சொல்வார்கள். கரைசல் இளஞ்சிவப்பாக மாறினால் அது சாட்சியமாகும். அந்தக் கணம் முதல் வழக்கு முடியும் வரை புகார்தாரர் சாட்சிக்கூண்டுக்கு வரக் கடமைப்பட்டவர். விசாரணையை இரண்டு ஆண்டுகளில் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் மொத்தம் நான்கு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று 2018 திருத்தமே சொல்கிறது. ஆனாலும் வழக்குகள் இழுத்தடிக்கப்படுகின்றன, அந்த இடைவெளியில் சாட்சிகள் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்கிறார்கள். புகார்தாரர் இறந்தாலோ பிறழ்சாட்சியானாலோ கூட, லஞ்சம் கேட்கப்பட்டதை மற்றச் சான்றுகளைக் கொண்டு நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது பெரிய ஆறுதல்.

இருந்தாலும், நீங்கள் இருவரும் பணம் கைமாறுவதைச் சுற்றியே பேசுகிறீர்கள். கைமாறுவதற்கான சந்தர்ப்பத்தை அகற்றுவதுதான் மக்களின் நம்பிக்கையை மீட்கும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் உடனடி அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் தொடங்கியது. வரைபடத்தோடு அலுவலகப் படியேறிக் காத்திருக்கும் தேவையே குறைந்தால், அங்கே யாரும் யாரையும் கவனிக்க வேண்டியதில்லை. 1974-இல் ஹாங்காங்கில் ஊழலுக்கு எதிரான தனி ஆணையத்தை நிறுவியபோது, புலனாய்வுக்கு ஒரு துறையும், அலுவலக நடைமுறைகளில் உள்ள ஓட்டைகளை அடைக்க ஒரு துறையும், பொதுமக்களோடு உறவாட ஒரு துறையும் வைத்தார்கள். இங்கே முதல் துறையோடு நின்றுவிடுகிறோம்.

தி.நகர் தணிக்கையாளர்:
அம்மா, வீட்டு அனுமதியில் நீங்கள் சொல்வது பொருந்தும். ஒப்பந்தப்புள்ளிகளுக்கு (டெண்டர்களுக்கு) பொருந்தாது. தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998 முதலே இருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்திற்கு மட்டுமே பொருந்தும்படி தகுதி நிபந்தனைகளை எழுதிவிட்டால், அதன் பிறகு எல்லாம் இணையவழியில் விதிப்படியே நடக்கும். அதை அறிந்தவர்கள் அந்த அலுவலகத்திலும் நிறுவனத்திலும் உள்ளே இருப்பவர்கள்தாம். சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கில், உண்மையில் இல்லாத ஐயாயிரம் கோடிக்கும் மேற்பட்ட ரூபாய் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தது 2009 ஜனவரியில் தலைவரே எழுதிய கடிதத்தால்தான் வெளிவந்தது. அது வரை உள்ளிருந்து ஒரு குரலும் வெளியே கேட்கவில்லை.

பெரம்பூர்வாசி:
நீங்களே என் வாதத்துக்கு வந்துவிட்டீர்கள். உள்ளிருந்து பேசுபவரைக் காக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2014-இலேயே குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றும், இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதே நாடாளுமன்றம் நான்கே ஆண்டுகளில் கொடுத்தவரைத் தண்டிக்கும் விதியை நிறைவேற்றி, உடனே நடைமுறைக்கும் கொண்டுவந்தது. முதலில் அந்தப் பாதுகாப்புச் சட்டத்தை அறிவிக்கை செய்யட்டும். ஏழு நாள் கெடுவை, குறைந்தது தனி மனிதர்களுக்காவது, ஓராண்டாக நீட்டட்டும்.

தி.நகர் தணிக்கையாளர்:
பாதுகாப்புச் சட்டம் உடனே வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஓராண்டுக் கெடுவை ஏற்க மாட்டேன். கொடுத்த காரியம் முடியும் வரை மௌனமாக இருந்துவிட்டு, பங்கில் தகராறு வந்ததும் புகாரோடு வருபவருக்கே அது துணைபோகும்.

அடையாறு வாசகி:
அப்படியானால் தொண்ணூறு நாள் என்று வையுங்கள். ஆனால் மனு ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்பதை அலுவலகம் எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து எண்ணுங்கள். எழுத்தில் தெரிவிக்காத அலுவலகத்திற்கு எதிராகக் கெடு ஓடவே கூடாது.