முதல் ஆண்டு, கட்டுரைக்கு 38 மதிப்பெண், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்

புதுமுகம்:
வணக்கம். செப்டம்பரில் வந்தேன். முதல் கட்டுரைக்கு 38 போட்டிருக்கிறார்கள். பள்ளியில் இப்படி வாங்கியதே இல்லை. நேற்று துறையிலிருந்து மின்னஞ்சல், வியாழக்கிழமை வந்து பார்க்க வேண்டுமாம். விசாவை ரத்து செய்துவிடுவார்களா? படிப்பை இப்போது நிறுத்திவிட்டு அடுத்த வருடம் திரும்ப வரலாமா? தூக்கமே வரவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

வடதுருவம்:
முதலில் தனிமையைச் சரிசெய்யுங்கள், மதிப்பெண் அப்புறம் தானாக வரும். நான் கனடா வந்த முதல் குளிர்காலத்தில் சாயங்காலம் ஆவதற்குள் இருட்டிவிடும், அறையை விட்டு வெளியே வர மனசே வராது. வகுப்பில் மற்ற எல்லோரும் ஏற்கெனவே நண்பர்கள் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கியே இருந்தேன். அவர்களும் அப்போதுதான் சந்தித்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பகுதிநேர வேலை பிடியுங்கள், நாலு மனிதர்களைப் பார்க்கலாம். வாரம் 24 மணி நேரம் வரை அனுமதி உண்டு.

தெற்குவானம்:
24 இல்லையே, இங்கே ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. 2023 ஜூலையிலிருந்து அப்படித்தான். ஆனால் முதல் பருவத்தில் வேலையே வேண்டாம் என்பேன். ராத்திரி வேலை முடித்துவிட்டுக் காலை வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் காதில் ஏறாது. அந்த மாதங்களை இப்போது நினைத்தாலும் உடம்பு வலிக்கிறது.

ரைன்கரை:
வேலையை விடுங்கள். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்தீர்களா? இங்கே ஜெர்மனியில் கடைசித் தேதி தவறினால் எழுதவே முடியாது. பல படிப்புகளில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். அதுசரி, 38 என்றால் என்ன கணக்கு? எங்களுக்கு 1.0 தான் சிறந்தது, 5.0 தோல்வி.

மூன்றாமாண்டு:
சேர்க்கை முகவர்கள் கட்டணம், தங்குமிடம் இரண்டைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை புத்தகத்தில் இருப்பதை ஒரு வரி விடாமல் எழுதியவருக்கு முழு மதிப்பெண். இங்கே வந்ததும் அதே பழக்கத்தை ஒழுங்குமீறல் என்கிறார்கள். இடையில் கற்றுக்கொடுத்தது யார்?

வடதுருவம்:
அதைச் சொல்லுங்கள். வாடகை வேறு. வீட்டில் வாய் திறந்தால் "கஷ்டப்பட்டு அனுப்பினோம்" என்பார்கள். இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.

தெற்குவானம்:
சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்த செய்திதான் பிறகு பெரிதாக வெடிக்கும்.

நூலகப்படி:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். கேட்டவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. எந்த நாடு, இளங்கலையா முதுகலையா, மின்னஞ்சலில் என்ன காரணம் எழுதியிருக்கிறது? இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்.

புதுமுகம்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்து, இளங்கலை. "டர்னிட்டின் அறிக்கை பற்றியும் வருகை பற்றியும் பேச" என்று இருக்கிறது. கட்டுரை மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் மென்பொருள் அது. அறிக்கையில் 41 சதவீதம் காட்டுகிறது. நவம்பரில் காய்ச்சல் வந்து படுத்தேன். அதற்கப்புறம் வகுப்புக்குப் போகக் கூச்சமாகிவிட்டது, போகவில்லை.

நூலகப்படி:
நல்லது தங்கச்சி, இப்போது பேசலாம். நான் மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவில் உதவி செய்தவள்.

மேலே சொன்ன 24, 48, மூன்று வாய்ப்பு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. பட்டப்படிப்பு விசாவில் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை, திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் கூட்டி அடுத்த வாரம் குறைத்துச் சமன் செய்ய முடியாது.

38 பற்றி: இளங்கலையில் தேர்ச்சி பொதுவாக 40. ஆனால் பார்ப்பது பாடத்தின் மொத்த மதிப்பெண்ணை. இந்தக் கட்டுரை அதில் எத்தனை சதவீதம் என்று பாடக் கையேட்டில் பாருங்கள், மீதியில் ஈடுகட்ட இடம் இருக்கும். தேறாவிட்டால் கோடையில் மறுதேர்வு உண்டு, அதில் பெரும்பாலும் 40-க்கு மேல் தரமாட்டார்கள். இங்கிலாந்தின் பெரும்பாலான மூன்றாண்டுப் படிப்புகளில் முதலாண்டு மதிப்பெண் பட்டத்தின் இறுதித் தரத்தில் சேராது, தேறினால் போதும். 70 வாங்கினாலே இங்கே முதல் வகுப்பு. பள்ளிக் கணக்கை வைத்து உங்களை அளக்காதீர்கள்.

41 சதவீதம் தீர்ப்பு இல்லை. முறையாகக் காட்டிய மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அந்த எண்ணில் சேரலாம். அறிக்கையைத் திறந்து நிறமிட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேற்கோள் குறியும் மூலமும் இல்லாதவை எவை, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். பழைய வரைவுகள், கைக்குறிப்புகள் இருந்தால் எடுத்துப்போங்கள். மூலம் காட்டும் முறை தெரியாமல் எழுதியிருந்தால் அதை நேராகச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் காசுக்குக் கட்டுரை எழுதித் தருகிறோம் என்று செய்தி வரும், பதில் போடாதீர்கள். இங்கிலாந்தில் 2022 சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம்.

விசாவைத் தொடுவது வருகைதான். பல்கலைக்கழகம்தான் உங்கள் ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்றிருப்பது. நீங்கள் படிப்பில் ஈடுபடவில்லை என்று முடிவுசெய்தால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அதற்கு உண்டு. அதனால் வியாழன் வரை காத்திருக்காமல் நாளையே வகுப்புக்குப் போங்கள். படிப்பை நிறுத்தினாலும் ஒத்திவைத்தாலும் அதையும் தெரிவிப்பார்கள். விசாக் காலம் குறைக்கப்படலாம், திரும்ப வரப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சர்வதேச மாணவர் பிரிவில் கேட்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்றே மாணவர் சங்க ஆலோசனைப் பிரிவுக்கு எழுதுங்கள். அது துறையின் கீழ் வருவதில்லை, கட்டணமும் கிடையாது. சந்திப்புக்குத் துணையாக ஒருவர் வர முடியுமா என்றும் கேளுங்கள்.

தூக்கம் இல்லாததைச் சாதாரணமாக விடாதீர்கள். விசாவுடன் சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், அருகிலுள்ள ஜிபியில், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிவு செய்ய வேறு காசு இல்லை. மனம் மிகவும் கனத்தால் அரசு சுகாதாரச் சேவையின் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

வீட்டில் சொல்வதா என்று சண்டை நடக்கிறது. என் கருத்து: சந்திப்பு முடிந்த அன்றே சொல்லுங்கள். அப்போது பயத்தை மட்டுமில்லாமல் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ரைன்கரை:
இது தெளிவு. நான் சொன்ன தேர்வுப் பதிவை மறந்துவிடுங்கள்.

புதுமுகம்:
ரொம்ப நன்றி அக்கா. சங்கத்துக்கு எழுதிவிட்டேன், நாளைக் காலை வகுப்புக்கும் போகிறேன். ஒன்று மட்டும்: காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கவே இல்லை. சான்றுக்கு எங்கே போவது?

நூலகப்படி:
சில பல்கலைக்கழகங்களில் குறுகிய கால நோய்க்கு நீங்களே எழுதிக்கொடுக்கும் படிவம் இருக்கும். எத்தனை நாளுக்குச் செல்லும், எவ்வளவு தாமதமாகக் கொடுக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். சங்கத்தில் அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். அந்த வாரத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.